குடும்பப் பாடத்தில் கூலி எங்கே?

வடலூருக்கு அடுத்த ஒரு கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைக் கூட்டம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு தோழரின் மகள் தன் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நம்மிடம் நீட்டினாள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண். தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். தகப்பனார் பருவத்தில் கரும்பு வெட்டுகிறார். மற்ற நாட்களில் கிடைத்த வேலை. பெண் படிப்பது கிறிஸ்தவ சபையார் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில். அங்கே குடும்பம், சமுதாயம், நல்வாழ்வு என்று மூன்று தலைப்புகளில், கிறிஸ்தவ நோக்கில் எழுதிய ஒரு பாடம் உண்டு. வாரத்துக்கு ஒரு வகுப்பு.

"குடும்பத்தில் சமாதானம் குலைவதற்குக் காரணங்கள் யாவை?" என்பது கேள்வி. ஜெபமின்மை, கீழ்ப்படியாமை, குடிப்பழக்கம், ஆடம்பரச் செலவு என்று நான்கு காரணங்களை உபாத்தியாயினி கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார். பெண் நான்கையும் எழுதிக்கொண்டு, ஐந்தாவதாகத் தானே ஒன்று சேர்த்திருக்கிறாள்: "கூலி பற்றாததால்." அதற்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி.

"நான் எழுதினது தப்பா, மாமா?" என்று கேட்டாள். ஆடம்பரச் செலவு என்பதைக் கேட்டு அவள் தாயார் மட்டும் சிரித்துவிட்டார்.

தப்பில்லை. அந்தக் கேள்விக்குறியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றியும் சமுதாயத்தைப் பற்றியும் பாடம் நடத்துவதை நாம் எதிர்க்கவில்லை. அதைக் கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவ நோக்கில் நடத்துவதையும் எதிர்க்கவில்லை. சிறுபான்மையோர் தங்கள் பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு தருகிறது; அந்த உரிமையின் பக்கம்தான் நாம் நிற்கிறோம். அதே சட்டத்தின் 28-வது பிரிவு பெற்றோருக்கும் ஓர் உரிமை தருகிறது. முழுக்க முழுக்க சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது. அங்கீகாரமோ மானியமோ பெறும் பள்ளியில், சம்மதமில்லாமல் எவரையும் மத போதனையில் உட்கார வைக்கக் கூடாது. பிள்ளை மைனரானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பல கத்தோலிக்கப் பள்ளிகளில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு: தங்கள் சபைப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. இது நல்ல வழக்கம்தான். ஆனால் எந்தப் பாடம் எந்த வகுப்பில், எந்தப் புத்தகத்திலிருந்து நடக்கிறது என்று கூலிக்காரத் தகப்பனுக்கு யாராவது சொல்கிறார்களா? சேர்க்கைப் படிவத்தில் கைநாட்டு வாங்கியதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் அது சம்மதம் ஆகாது.

உரிமையைப் பற்றி இவ்வளவு போதும். பாடத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம்.

குடும்பம் என்றால் அந்தப் புத்தகத்தில் ஒரு படம். தகப்பன் நாற்காலியில் பத்திரிகை படிக்கிறான், தாய் அடுப்பங்கரையில் நிற்கிறாள், பிள்ளைகள் விளக்கடியில் படிக்கிறார்கள். நம் பெண் வீட்டில் தாய் விடியுமுன் சோறாக்கி வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுகிறாள். கரும்பு வெட்டும் பருவத்தில் தகப்பன் வாரக் கணக்கில் ஊரிலேயே இருப்பதில்லை. மாலையில் கூடி ஜெபிக்கும் குடும்பமே நல்ல குடும்பம் என்று பாடம் சொல்கிறது. கூடுவதற்கு மாலை வேண்டாமா?

அந்த மாலைப் பொழுதே போராடிப் பெற்றது என்பதை எந்தப் பாடமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. புதுவையும் கடலூரும் கத்தோலிக்க சபையில் ஒரே உயர் மறைமாவட்டம். அந்தப் புதுவையில் 1936 ஜூலை 30-ந் தேதி, பஞ்சாலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் போலீஸ் சுட்டது. 12 தோழர்கள் மாண்டார்கள். தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பயனாக 1937-இல் அங்கே எட்டு மணி வேலை சட்டமாயிற்று. அதன் பிறகுதான் அந்த ஊர் மில் தொழிலாளி பொழுது சாயும் வேளையில் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். அந்த 12 பேரும் குடும்பத்துக்காக உயிர் கொடுத்தவர்கள் இல்லையா? 2023 ஏப்ரலில், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். குடும்பத்தின் மேன்மையைப் பேசுகிற மடங்களும் சபைகளும் எதிர்த்து நின்ற சங்கங்களோடு அன்று தெருவில் இறங்கியிருந்தால் நாம் மகிழ்ந்திருப்போம்.

குடியைப் பற்றி. அது குடும்பத்தைக் கெடுக்கிறது என்பதில் நமக்கும் பாதிரியாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. மதுவால் தாலியிழந்த பெண்களை அவரை விட நாம் அதிகமாகவே அறிவோம். ஆனால் 2003 முதல் இந்த மாநிலத்தில் சில்லறை மதுக்கடையை நடத்துவது சர்க்காரின் டாஸ்மாக் நிறுவனம். பாடம் குடிக்கிறவனைப் பாவி என்கிறது. கடை வைத்திருப்பவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

"கூலியைப் பற்றி எழுதினால் அது அரசியல், மார்க்க போதனை அல்ல" என்று பள்ளி நிர்வாகத்தார் சொல்லலாம். அப்படியானால் அவர்களுடைய மார்க்கத்தின் ஏட்டையே பார்ப்போம். 1891-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலைமையைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். அதில் நம்மைப் போன்றவர்களைத் திட்டித்தான் இருக்கிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே மடலில், சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்கும் அளவுக்காவது கூலி இருக்க வேண்டும் என்கிறார். பசிக்குப் பயந்து அதற்குக் குறைந்த கூலிக்கு ஒருவன் உடன்பட்டால், அவன் பலாத்காரத்துக்கு ஆளானவன் என்கிறார். தொழிலாளர் சங்கம் அமைப்பது இயற்கையான உரிமை என்கிறார். இவ்வளவும் ஒரு பாப்பரசர் எழுதியது! நம் பெண்ணின் ஐந்தாவது காரணம் இதைத்தான் இரண்டு சொல்லில் சொல்கிறது.

1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் மே மாதம் முதல் தேதியைத் தொழிலாளியான சூசையப்பரின் திருநாள் என்று அறிவித்தார். செங்கொடியின் நாளை எங்கள் நாளாக்கிக் கொள்கிறோம் என்பதுதான் அதன் உட்பொருள். நமக்குக் கோபமில்லை. சூசையப்பர் தச்சர், மே தினத்தில் தச்சருக்கு இடம் உண்டு. ஆனால் திருக்குடும்பத்தை நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள், அந்தக் குடும்பத்துக்குப் பிரசவத்துக்கு ஓர் அறை கிடைக்கவில்லை என்பதையும், ராஜாவின் வாளுக்குப் பயந்து அயல்தேசம் ஓடியது என்பதையும் சேர்த்தே காட்ட வேண்டும். அறை கிடைக்காத குடும்பமும் ஊரைவிட்டு ஓடிய குடும்பமும் நம் சேரிகளில் எத்தனை வேண்டும்?

வேதப் புத்தகத்தில் திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்கள் கதை ஒன்று உண்டு. விடியற்காலையில் வேலைக்கு வந்தவனுக்கும், பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் தோட்டக்காரன் ஒரே முழு நாள் கூலியைக் கொடுக்கிறான். கடைசியாக வந்தவன் சோம்பேறியல்ல. நாள் முழுவதும் சந்தை வெளியில் நின்றும் அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இதைக் கடவுளின் தயவைக் காட்டும் உவமை என்று பிரசங்கிகள் விளக்குகிறார்கள். இருக்கட்டும். விடியற்காலையில் கூட்டுரோட்டில் நின்று மேஸ்திரி வரமாட்டானா என்று பார்க்கிற நம் ஜனங்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. வேலை கிடைக்காதவன் வீட்டிலும் வயிறு முழுசாகத்தான் பசிக்கும் என்று அந்தத் தோட்டக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது சமுதாயம். அயலானை நேசி என்று ஆரம்பித்து, தேசபக்தி, ஒற்றுமை என்று பாடம் முடிந்துவிடுகிறது. சாதி என்ற சொல்லே அதில் இல்லை. இதே உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டார்கள். ஒரே மாதா கோயிலில் சமமாக நடத்தப்படாதவர்கள் வேறு என்ன கேட்பார்கள்? 2008 மார்ச் 9-ந் தேதி கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். மாண்ட இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். அவர்களும் பாடுபட்டுப் பிழைக்கும் ஜனங்களே. சாதி இரு பக்கத்து ஏழைகளையும் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதற்கு இதைவிட ஒரு பாடம் வேண்டுமா? அதைச் சொல்லாமல் சமுதாயப் பாடம் நடத்துவது, குளத்தைக் காட்டாமல் நீச்சல் கற்றுக் கொடுப்பது போலத்தான்.

சர்க்காரின் பங்கையும் சொல்ல வேண்டும். 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவு இந்துக்களை மட்டுமே தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரான சேரிக்காரர் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் அவர் பிற்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். தெருவும் சுடுகாடும் மாறவில்லை, சர்டிபிகேட் மட்டும் மாறிவிட்டது! பட்டியலில் சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-இல் சிபாரிசு செய்தது. அதைச் சட்டமாக்கக் கோரும் தலித் கிறிஸ்தவர்களுடன் நாமும் சேர்ந்து நிற்கிறோம்.

இன்னொரு தேதியும் இந்தப் பாடத்தில் இருக்க வேண்டியது. கொள்ளிடத்துக்குத் தெற்கே, பழைய தஞ்சை மாவட்டத்தில், கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25. மாதா கோயில்களில் பாலன் பிறந்த திருநாள் கொண்டாடிய அன்றைய இரவில், நெற்கூலி கூடக் கேட்டுச் சங்கம் சேர்ந்த குற்றத்துக்காக, பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். முதல் குற்றவாளியாக நின்ற மிராசுதாரை 1973-இல் ஐகோர்ட் விடுதலை செய்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதக் கற்கும் பிள்ளைகள் அந்த 44 பேரைப் பற்றியும் அறிந்துகொள்ளட்டும்.

நல்வாழ்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கை கழுவு, சத்துணவு உண், மனதைத் தூய்மையாக வை என்கிறது பாடம். எல்லாம் சரி. பண்ணுருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைக் கொட்டை எண்ணெய் அரித்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் அது போகாது. கடலூர் சிப்காட் ஓரத்துக் கிராமத்தில் கழுவுகிற தண்ணீரே கேள்விக்குரியது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், நின்ற நெற்பயிரின் மேல் நெய்வேலி சுரங்க நிர்வாகத்தின் எந்திரங்கள் வாய்க்கால் வெட்ட இறங்கின. சத்துணவு எந்த வயலிலிருந்து வரும்? இந்த விஷயத்தில் வடலூர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகமே வேண்டாம். 1867-இல் இராமலிங்க அடிகள் இங்கே தருமசாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசி தீர்ப்பதே முதல் தர்மம் என்றார் அவர். பசிக்குக் காரணமானவர்களைக் கேள்வி கேட்கும் வேலையை அவர் நமக்கு விட்டுவைத்தார் என்று கொள்வோம்.

கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் இந்த மண்ணில் நன்மையே செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நாம் ஒப்பமாட்டோம். அக்கிரகாரமும் ஊர்த்தெருவும் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் சேரிப் பிள்ளைக்குச் சிலேட்டு கொடுத்தது பல இடங்களில் மிஷன் பள்ளிதான். சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை உருவாக்கிய சுவாமி சகஜானந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரணிக்கு அருகே 1890-இல், தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரு மிஷன் பள்ளியில் படித்தார். மேலே படிக்க வேண்டுமானால் மதம் மாற வேண்டும் என்று வந்தபோது மறுத்து வெளியேறினார் என்பது அவர் வரலாறு. பிறகு குடும்பம் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போயிற்று. அந்தச் சிறுவன்தான் வளர்ந்து சிதம்பரத்துக்கு வந்து, 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை ஏற்படுத்தி, ஆயிரமாயிரம் சேரிப் பிள்ளைகளின் கல்விக்கு வழி திறந்தார். எழுத்தைக் கொடுத்தது அந்த மிஷன் பள்ளி. அதற்கு விலையாக மனச்சாட்சியைக் கேட்டதும் அதுவே. இரண்டையும் நாம் மறக்கலாகாது.

அதே சிதம்பரத்துக்கு வடகிழக்கே, பரங்கிப்பேட்டையில், வேறொரு மாதிரி கிறிஸ்தவப் பள்ளி எழுந்தது. அன்னா மரியா பீட்டர்சன் என்ற டென்மார்க் தேசத்துப் பெண்மணி 1909-இல் மிஷன் ஊழியராக இங்கே வந்தார். நம் பிள்ளைகளைப் பாதி வெள்ளைக்காரர்களாக்கும் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. 1920-இல் மிஷனை விட்டு விலகினார். பெண்களுக்கென்று ஒரு தேசியக் கிறிஸ்தவப் பள்ளிக்குத் திட்டமிட்டார். 1921 செப்டம்பரில் சேவா மந்திரத்துக்கு அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். வெள்ளைக்கார சர்க்காரின் தயவை நாடாமல், தாய்மொழியில் படிப்பும் கையில் நூற்பும் வீட்டு வேலையும் சேர்ந்த கல்வியை அந்த அம்மையார் நடத்தினார். 1951-இல் அந்த ஊரிலேயே மறைந்தார். ராட்டையால் ஏகாதிபத்தியமோ முதலாளித்துவமோ ஒழியாது என்ற நம் கருத்தை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் அவர் கிறிஸ்தவராகவே இருந்துகொண்டு, ஆளும் சர்க்காருக்கும் தன் சொந்த மிஷனுக்கும் எதிராக நின்றார். கிறிஸ்தவ நோக்கு என்பது ஒன்றேயல்ல. சாம்ராஜ்யத்தின் பக்கம் நிற்கும் கிறிஸ்தவ நோக்கும் உண்டு, ஜனங்களின் பக்கம் நிற்பதும் உண்டு. நம் திருச்சிச் சீமையில் பிறந்து ஜார்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்த ஸ்டேன் சுவாமி பாதிரியார், 84 வயதில், 2021 ஜூலை 5-ந் தேதி, விசாரணைக் கைதியாகவே உயிர்விட்டாரே, அவர் எந்த நோக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்?

நாம் இப்படி எழுதுவதைப் பார்த்து வேறு சிலர் கைதட்ட வருவார்கள் என்பதும் தெரியும். கிறிஸ்தவப் பள்ளி என்றாலே மதமாற்றக் கூடம் என்று கூச்சலிடும் வகுப்புவாதிகளைச் சொல்கிறோம். 2022-இல் தஞ்சை மாவட்டத்தில் ஒரு மாணவி இறந்த துயரத்தைக் கூட அவர்கள் அரசியல் சரக்காக்கினார்கள். அவர்கள் மெச்சிய கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் இங்கே 2002-இல் வந்து, ஜனங்களின் எதிர்ப்பால் 2004-இல் போயிற்று. ஐந்தாவது காரணத்துக்கு எதிரே சிவப்பு மை போட்டார் ஓர் உபாத்தியாயினி. அவர்கள் கையில் பள்ளி போனால் அந்த நோட்டுப் புத்தகமே மிஞ்சாது. நம் விமர்சனம் அவர்களுக்கு ஆயுதமாக நாம் ஒருக்காலும் விடமாட்டோம்.

"கேரளத்தில் உங்கள் மந்திரி சபை எங்கள் பள்ளிகளைப் பிடுங்க வந்ததே?" என்று சில பாதிரிமார் இன்றும் கேட்கிறார்கள். 1957-இல் வந்த கல்வி மசோதா பைபிளில் கை வைக்கவில்லை. ஆசிரியருக்கு நேராகச் சம்பளம், வேலைக்குப் பாதுகாப்பு என்றது. நிர்வாகிகளின் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது. 1959 ஜூலை 31-ந் தேதி மந்திரி சபை கலைக்கப்பட்டது. இன்று மானியப் பள்ளிகளில் சர்க்கார் சம்பளம் வாங்கும் எந்தக் கிறிஸ்தவ உபாத்தியாயரும் அந்தக் கோரிக்கையைத் தப்பு என்று சொல்லமாட்டார்.

ஆகவே சண்டைக்குப் போகச் சொல்லி இதை எழுதவில்லை, பெற்றோர் கூட்டத்துக்குப் போகச் சொல்லித்தான் எழுதுகிறோம். பாடப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மத போதனை எது, பொது நன்னெறி எது என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். வேண்டாம் என்கிற பெற்றோர் அதை எழுதிக் கொடுக்கலாம். குடும்பப் பாடத்தில் கூலியும், சமுதாயப் பாடத்தில் சாதியும், நல்வாழ்வுப் பாடத்தில் தண்ணீரும் ஆஸ்பத்திரியும் இடம்பெற வேண்டும் என்று சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால், 1891-ஆம் ஆண்டு மடலைப் பற்றிக் கேளுங்கள். நம் சங்கத்தில் உள்ள கிறிஸ்தவத் தோழர்கள் இதில் முன்னால் நிற்பது நல்லது. அவர்கள் கேட்டால் வெளியாள் கேட்கிறான் என்ற பேச்சு எழாது.

அந்தப் பெண்ணின் தாயார் பெற்றோர் கூட்டத்துக்குப் போனதேயில்லை. அது வேலை நாளில், பகலில் நடக்கிறது. போனால் ஒரு நாள் கூலி போய்விடும். இந்த முறை அவரையும் இன்னும் நான்கு தாய்மாரையும் அனுப்புவதென்றும், அன்றைய கூலியைச் சங்க நிதியிலிருந்து ஈடு செய்வதென்றும் கிளைக் கூட்டம் முடிவு செய்திருக்கிறது. கூட்டத்தை ஞாயிறு பூசைக்குப் பிறகோ மாலையிலோ வைக்கும்படி தலைமை உபாத்தியாயருக்கு ஒரு விண்ணப்பமும் போகிறது. ஐந்தாவது காரணத்தை அடித்துவிடட்டுமா என்று பெண் கேட்டாள். அப்படியே இருக்கட்டும், அம்மா கூட்டத்துக்குப் போகும்போது நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தனுப்பு என்று சொல்லியிருக்கிறோம்.